பொரித்த எண்ணெயில் டீசல்: எந்த ஊக்கி, எவ்வளவு, எப்போது

2022 இல் இலங்கையின் எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசல் லைனில் இரவு பகலாக நின்றவர்களுக்கு இந்தக் கட்டுரை எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. படுவான்கரையில் நெல் முற்றிக் கிடந்தது, வெட்டு மெசினுக்கு டீசல் இருக்கவில்லை. வாழைச்சேனைத் துறையில் வள்ளங்கள் கட்டினபடி நின்றன. அந்த மாதங்களில்தான் கடைகளில் வீணாக ஊற்றப்படும் பொரித்த எண்ணெயை எரிபொருளாக்கிப் பார்க்க வேண்டும் என்று நான் இறங்கினேன். இப்போது மட்டக்களப்பிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அநேகமானோர் முதலில் கேட்பது "என்ன மெசின் வாங்க வேணும்?" என்பதுதான். மெசின் பிறகு பார்க்கலாம். முதல் ஒரு லீற்றருக்கு ஒரு பிளாஸ்ரிக் கான் போதும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஊக்கியைப் பற்றி, அதாவது எண்ணெயை டீசலாக்கும் தாக்கத்தை நடத்திவைக்கும் பொருளைப் பற்றி. எந்த ஊக்கி, எவ்வளவு என்பதை உங்கள் கையில் இருக்கும் எண்ணெய்தான் சொல்லும். அதைக் கேட்காமல் அளவை மனப்பாடம் செய்துகொண்டு தொடங்குகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது சவர்க்காரம்.

ஊக்கி என்ன செய்கிறது

வாவியில் பிடித்த மீனை ஈர்க்கில் கோர்த்துக் கோர்வையாக விற்பதைப் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் மூலக்கூறும் அப்படி ஒரு கோர்வைதான். கிளிசரோல் என்ற ஈர்க்கில் மூன்று கொழுப்பமிலங்கள் கோர்த்திருக்கின்றன. மூன்றும் சேர்ந்து தொங்குவதால்தான் எண்ணெய் தடிப்பாக இருக்கிறது. 40 பாகை செல்சியசில் தாவர எண்ணெயின் பிசுக்குமை டீசலினுடையதைப் போல் ஏறத்தாழப் பத்து மடங்கு. 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினைக் கச்சான் (நிலக்கடலை) எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள், உண்மைதான். ஆனால் இன்றைய எஞ்சினில் எரிபொருளைத் தூவும் நுண்துளை இன்ஜெக்டர்கள் அந்தத் தடிப்பைத் தாங்காது. கரி பிடித்து அடைத்துவிடும்.

ஆகவே கோர்வையை அவிழ்க்க வேண்டும். அவிழ்ப்பதற்கு மெதனோல் என்ற திரவம். ஒரு எண்ணெய் மூலக்கூறுக்கு மூன்று மெதனோல் மூலக்கூறுகள் வந்து ஆளுக்கொரு கொழுப்பமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிறக்கும் மூன்று எசுத்தர்கள்தான் உயிரிடீசல். ஈர்க்கு, அதாவது கிளிசரோல், தனியே அடியில் இறங்கிவிடும். இதை எசுத்தர் மாற்றம் என்பார்கள். 1853 இலேயே ஆய்வுகூடத்தில் செய்து பார்த்த தாக்கம் இது. டீசல் எஞ்சின் பிறப்பதற்கு நாற்பது வருடத்துக்கு முன்பு.

மெதனோலையும் எண்ணெயையும் வெறுமனே கலந்தால் ஒன்றும் நடக்காது. எண்ணெயும் தண்ணீரும் போல் தனித்தனியாக நிற்கும். அங்கேதான் ஊக்கி வருகிறது. சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரம் மெதனோலில் கரைந்ததும் மெதொட்சைட்டு அயன் உருவாகிறது. அதுதான் கோர்வையின் முடிச்சில் போய்த் தாக்குகிறது. வேலை முடிந்ததும் மீண்டும் வெளியே வந்து அடுத்த முடிச்சுக்குப் போகும். அதனால்தான் ஒரு லீற்றர் எண்ணெய்க்குச் சில கிராம் ஊக்கியே போதும்.

ஊக்கி செலவாகாது என்று பாடசாலையில் படித்தோம். இங்கே அது முழுதாகப் பொருந்தாது. பலமுறை பொரித்த எண்ணெயில் சில கொழுப்பமிலங்கள் ஏற்கெனவே கோர்வையிலிருந்து கழன்று தனியாக மிதக்கும். இவை சுயாதீன கொழுப்பமிலங்கள். காரத்தைக் கண்டதும் இவை அதனோடு சேர்ந்து சவர்க்காரமும் தண்ணீரும் ஆகிவிடும். அந்தத் தண்ணீர் நல்ல எசுத்தரையும் உடைத்து இன்னும் சவர்க்காரம் உண்டாக்கும். ஆகவே போடுகிற காரத்தில் இரண்டு பங்கு உண்டு: எண்ணெயின் அமிலத்துக்குத் தின்னக் கொடுக்கிற பங்கு, வேலை செய்ய மிஞ்சி நிற்கிற பங்கு. முதல் பங்கு எவ்வளவு என்று அளப்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு கண்டிப்பு

மெதனோல் நஞ்சு. 10 மில்லிலீற்றர் உள்ளே போனாலே கண் பார்வை போகலாம், 30 மில்லிலீற்றர் உயிரை எடுக்கலாம். தோலாலும் மூச்சாலும் உடம்புக்குள் போகும். கொடுமை என்னவென்றால், உடனே ஒன்றும் தெரியாது. தலையிடியும் பார்வை மங்கலும் பல மணி நேரம் கழித்துத்தான் வரும். யாராவது தவறிக் குடித்துவிட்டால், "நல்லாத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிர்பானப் போத்தலில் மெதனோலை ஊற்றி வைக்கவே வேண்டாம். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அதன் தீச்சுவாலை பகலில் கண்ணுக்குத் தெரியாது. குசினியில் இந்த வேலை கூடாது. வளவில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சிகரட்டும் கிட்ட இல்லாமல் செய்யுங்கள். இறப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். மெதனோல் வாங்க முதல் மதுவரி அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற கடையில் பில்லோடு வாங்குங்கள்.

இன்னொன்று. எங்கள் வீடுகளில் பாதிச் சட்டிகள் அலுமினியம். காரம் அலுமினியத்தை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். நாகம் பூசிய வாளியும் ஆகாது. துருப்பிடிக்காத உருக்கு, கண்ணாடி, அல்லது அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று குறித்த தடித்த பிளாஸ்ரிக் கான், இவை மட்டும்தான்.

எண்ணெய் சேர்ப்பதும் காய வைப்பதும்

காத்தான்குடி, ஏறாவூர், கல்முனைப் பக்கம் ரோல்ஸ், சமோசா, கோழி பொரிக்கும் கடைகளில் எண்ணெய்க்குக் குறைவில்லை. கடைக்காரரோடு முதலே பேசிவையுங்கள். எண்ணெயோடு கறித் தண்ணீரையோ கழுவின தண்ணீரையோ கலக்க வேண்டாம் என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். ஒரு மூடியுள்ள கானை நீங்களே கொடுத்து வையுங்கள்.

கொண்டுவந்ததை இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மாவும் தூளும் அடியில் படியும். மேலுள்ளதைப் பழைய பருத்திச் சேலைத் துணியில் வடியுங்கள். பிறகு தண்ணீர்ச் சோதனை: ஒரு கரண்டி எண்ணெயைச் சட்டியில் சூடாக்குங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. முழுவதையும் 110 பாகை வரை சூடாக்கி, குமிழி நிற்கும் வரை வைத்து ஆறவிடுங்கள். மெதனோல் இன்னும் வராத கட்டம் என்பதால் இங்கே அடுப்பு பாவிக்கலாம்.

என் முதல் பத்து லீற்றர் மார்கழி மழைக்குள் செய்தது. எண்ணெயை வடித்தேன், காய வைக்கவில்லை. காரச் சாடியின் மூடியும் சரியாக இறுகவில்லை. ஈரக்காற்றில் அந்த வெள்ளைச் செதில்கள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டி, மேலே மா பூசினது போல் ஆகிவிட்டன. காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சிப் பாதி காபனேற்றாக மாறியிருந்தது. அன்று கானுக்குள் வந்தது கஞ்சி. விடிய விடிய வைத்தும் பிரியவில்லை. ஒரே நாளில் இரண்டு பிழை: எண்ணெயில் ஈரம், ஊக்கியில் ஈரம். பழகுவதற்கு நல்ல காலம் ஆனி, ஆடி. கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் எல்லாமே காய்ந்திருக்கும். மாரியில் செய்வதானால் காரத்தைச் சிறிய சாடிகளில் பிரித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திறவுங்கள்.

மஞ்சளை வைத்து எண்ணெயை அளப்பது

நியமிப்பு, அதாவது அளவு தெரிந்த கரைசலைத் துளித்துளியாக விட்டு அமிலத்தை அளப்பது, என்றதும் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்காதவர்கள் பின்வாங்குகிறார்கள். வேண்டியதில்லை. பாமசியில் 1 மில்லிலீற்றர், 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாய்களை ஊசியில்லாமல் வாங்குங்கள். நகைக்கடைத் தராசு மாதிரி 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு ஒன்று வேண்டும். 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல் ஒரு போத்தல். அப்புறம் மஞ்சள் தூள்.

கடையில் விற்கும் பற்றரித் தண்ணீர் ஒரு லீற்றரில், அதாவது காய்ச்சி வடித்த தண்ணீரில், 1 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரையுங்கள். போத்தலில் இருப்பது அமிலம் அல்ல, தண்ணீர்தான் என்று லேபலைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இது அளவுக் கரைசல். அரைக் கரண்டி மஞ்சள் தூளைக் கொஞ்சம் அற்ககோலில் குலுக்கி, தெளிந்து வரும் மஞ்சள் சாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தைக் கண்டால் செம்மையாகும். துணியில் பட்ட மஞ்சள் கறை சவர்க்காரம் பட்டதும் சிவப்பதை எங்கள் அம்மாமார் எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அதே சங்கதிதான்.

சிறிய கண்ணாடிக் குவளையில் 10 மில்லிலீற்றர் அற்ககோல் எடுத்து மஞ்சள் சாற்றில் சில துளி விடுங்கள். அளவுக் கரைசலை ஒவ்வொரு துளியாக விட்டு நிறம் சற்றுத் திரும்பியதும் நிறுத்துங்கள். அற்ககோலுக்கே உள்ள அமிலம் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம், இது கணக்கில் சேராது. இப்போது 1 மில்லிலீற்றர் எண்ணெயை விட்டு, குவளையை வெந்நீரில் வைத்துக் கலக்குங்கள். மீண்டும் மஞ்சளாகும். இனி 10 மில்லிலீற்றர் குழாயில் அளவுக் கரைசலை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். துளி விழுந்த இடத்தில் செம்மை ஒரு கணம் தோன்றி மறையும். பிறகு மெதுவாக மறையும். ஒரு கட்டத்தில் குவளை முழுவதும் செம்மஞ்சளாகி, பதினைந்து இருபது செக்கனுக்கு மாறாமல் நிற்கும். அங்கே நிறுத்தி, எத்தனை மில்லிலீற்றர் போனது என்று பாருங்கள். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள்.

எண்ணெய் மிகக் கறுப்பாக இருந்தால் மஞ்சளின் மாற்றம் கண்ணுக்குப் பிடிபடாது. அதற்குப் பினோத்தலீன்தான் நல்லது, இளஞ்சிவப்பு தெளிவாகத் தெரியும். பாடசாலை ஆய்வுகூடத்தில் யாராவது ஆசிரியரைத் தெரிந்தால் கேளுங்கள்.

இனிக் கணக்கு. 1 மில்லிலீற்றர் போயிருந்தால், ஒரு லீற்றர் எண்ணெய் 1 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டைத் தின்னும். அதோடு வேலை செய்கிற பங்கு லீற்றருக்கு 3.5 கிராம். வாசிப்பு 2 என்றால் 3.5 உம் 2 உம், மொத்தம் 5.5 கிராம். கணக்கு அவ்வளவுதான்.

அந்த எண் வேறொன்றையும் சொல்லும். வாசிப்பு 3 என்றால் எண்ணெயில் ஏறத்தாழ 2.3 வீதம் சுயாதீன கொழுப்பமிலம் உண்டு. லீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் சவர்க்காரம் வரும். அது வரை தாங்கலாம். 5 ஐத் தாண்டினால் காரத்தை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், அதற்கு வேறு வழி கீழே இருக்கிறது. தொடங்குகிறவர்கள் 2 க்குக் கீழ் உள்ள எண்ணெயைத் தேடிக்கொள்ளுங்கள்.

சோடியமா, பொற்றாசியமா

எரிசோடா என்று கடையில் கேட்டால் கிடைப்பது சோடியம் ஐதரொட்சைட்டு. மலிவு, எளிதில் கிடைக்கும். வடிகான் அடைப்பு எடுக்கும் தூள்களில் அலுமினியத் துகள் கலந்திருப்பதுண்டு. அதை வாங்கக் கூடாது.

பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விலை கூட. மூலக்கூறு பாரமானது என்பதால் 1.4 மடங்கு அதிகம் போட வேண்டும். கடைச் சரக்கு 85 முதல் 90 வீதம்தான் தூய்மை. ஆகவே 3.5 கிராம் சோடியத்துக்குப் பதில் 5.5 முதல் 5.8 கிராம் வரை வரும். எண்ணெய் தின்னும் பங்கையும் அதே விகிதத்தில் கூட்டுங்கள். அப்படியிருந்தும் புதியவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மெதனோலில் கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும். அடியில் இறங்கும் கிளிசரோல் ஓடக்கூடிய பதத்திலேயே இருக்கும். சோடியம் என்றால் அது ஆறியதும் சில வேளை மெழுகு போல் உறைந்து, கானின் வாயை அடைத்துக்கொள்ளும். கடைசியில் மிஞ்சும் காரத்தைப் பொசுபோரிக் அமிலத்தால் நடுநிலையாக்கினால் வருவது பொற்றாசியம் பொசுபேற்று. வயலுக்கு உரம்.

பெரிய தொழிற்சாலைகள் சோடியம் மெதொட்சைட்டை நேரடியாகவே, 25 முதல் 30 வீத மெதனோல் கரைசலாக வாங்கும். ஐதரொட்சைட்டு மெதனோலில் கரையும்போதே கொஞ்சம் தண்ணீர் பிறக்கிறது. மெதொட்சைட்டில் அந்தத் தொல்லை இல்லை. வீட்டு வேலைக்கு அது ஆபத்தும் வீண் செலவும். இலிப்பேசு நொதியமும் ஒரு ஊக்கிதான். 35, 40 பாகையில், அமிலம் கூடிய எண்ணெயிலும் வேலை செய்யும். ஆனால் விலை எட்டாது, நேரமும் அதிகம்.

ஒரு லீற்றர்

எண்ணெயை 55 பாகைக்குச் சூடாக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மெதனோல் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பை மெதனோலிடம் கொண்டுபோகக் கூடாது. 60 ஐத் தாண்ட வேண்டாம், மெதனோல் 64.7 பாகையில் கொதிக்கும்.

மரக்கறி எண்ணெய், பாம் எண்ணெய்க்கு 250 மில்லிலீற்றர் மெதனோல். தேவையைப் போல் இரண்டு மடங்கு இது. தாக்கம் பின்னோக்கித் திரும்பாமல் இருக்க மிகுதி வேண்டும். தேங்காய் எண்ணெயில் பலர் வழுக்குவது இந்த இடத்தில்தான். அதன் கொழுப்பமிலச் சங்கிலிகள் குட்டை, மூலக்கூறு சிறியது. ஆகவே ஒரு லீற்றரில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அதிகம். அதற்கு 350 மில்லிலீற்றர் வேண்டும். வேற்று நாட்டு அளவுகள் பெரும்பாலும் சோயா எண்ணெய்க்கு எழுதப்பட்டவை. அதை அப்படியே எங்கள் தேங்காய் எண்ணெய்க்குப் பாவித்தால் தாக்கம் அரைகுறையில் நிற்கும்.

மெதனோலை மூடியுள்ள சிறிய கானில் எடுத்து, தராசில் நிறுத்தெடுத்த காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் போடுங்கள். காரத்தின் மேல் மெதனோலை ஊற்ற வேண்டாம். மூடி, மெதுவாகச் சுழற்றுங்கள். கான் சூடாகும், பயப்பட வேண்டாம். இடைக்கிடை மூடியை முகத்துக்குத் தூரமாக வைத்துச் சற்றுத் தளர்த்துங்கள். காரத்தின் ஒரு துணுக்குகூடக் கரையாமல் இருக்கக் கூடாது. அடியில் வெள்ளைத் தூள் கலங்கினால் அது கரையாத காபனேற்று. உங்கள் ஊக்கி பழுதாகிவிட்டது, புதிதாக எடுங்கள்.

மூன்று லீற்றராவது கொள்ளும் கானில் எண்ணெயை ஊற்றி, அதன் மேல் இந்தக் கரைசலை ஊற்றி, மூடிப் பத்து நிமிடம் விடாமல் குலுக்குங்கள். குலுக்கல்தான் முக்கியம், இரண்டும் தாமாகக் கலப்பவை அல்ல. பிறகு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, ஒரு மணித்தியாலம் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி, அமுக்கத்தை வெளியேற்றுங்கள்.

முதலில் கலவை கலங்கிய வாய்க்கால் தண்ணீர் போல் இருக்கும். குலுக்குவதை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கால் மணி நேரத்தில், தேத்தண்ணி நிறத்தில் கறுத்த இழைகள் சுருண்டு சுருண்டு கீழே இறங்குவது தெரியும். அதுதான் கிளிசரோல். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு கோடு பிடிக்கும். மேலே வெளுத்து, கானை ஆட்டினால் தண்ணீர் போல் சுருக்காக அசைவது உயிரிடீசல். எத்தனை தடவை செய்தாலும் அந்தக் கோடு விழுகிற நேரத்தில் நான் பக்கத்திலிருந்து எழும்பிப் போவதில்லை.

ஒரு நாள் வைத்து, அடியிலுள்ளதைப் பிரித்தெடுங்கள்.

முடிந்ததா என்று பார்ப்பது

27 மில்லிலீற்றர் மெதனோலில் 3 மில்லிலீற்றர் உயிரிடீசலை விட்டுக் குலுக்குங்கள். எசுத்தர் மெதனோலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது. அடியில் துளி நின்றால் தாக்கம் முடியவில்லை. எங்கள் வெயிலில் இந்தச் சோதனை ஏமாற்றும். 30 பாகையில் மாறாத எண்ணெயும் கொஞ்சம் கரைந்துவிடும். ஐஸ் போட்ட தண்ணீரில் போத்தலை வைத்து 20 பாகைக்குக் கொண்டுவந்து பாருங்கள்.

பிறகு கழுவல். அரை லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றி, முதல் தடவை குலுக்காமல் கானை மெதுவாகப் புரட்டி மட்டும் எடுங்கள். சவர்க்காரம் இருக்கும்போது குலுக்கினால் பால் போல் கலந்து பிரியாது. அப்படி ஆகிவிட்டால் கொஞ்சம் வினாகிரியும் உப்பும் சேர்த்து வைத்தால் பெரும்பாலும் பிரியும். மூன்று நான்கு தடவை கழுவுங்கள். கடைசிக் கழுவல் தண்ணீரில் மஞ்சள் சாறு விட்டால் மஞ்சளாகவே நிற்க வேண்டும். செம்மை காட்டினால் ஊக்கி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஐரோப்பிய நியமத்தில் சோடியமும் பொற்றாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. எஞ்சினுக்குள் அது சாம்பலாகப் படியும். எரிபொருளாக்க உதவின ஊக்கியே எரிபொருளில் தங்கினால் நஞ்சு.

அகலப் பாத்திரத்தில் ஊற்றி, துணி மூடி, காற்றுப்படக் காயவிடுங்கள். கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

கழுவின தண்ணீரையும் கிளிசரோலையும் வாவியில் ஊற்றாதீர்கள். காரமும் மெதனோலும் சவர்க்காரமும் கலந்த தண்ணீர் அது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கிற இடம் எங்கள் வாவி. கழுவல் தண்ணீரை வினாகிரியால் நடுநிலையாக்கி, கிணற்றுக்குத் தூரத்தில் மண்ணில் விடுங்கள். கிளிசரோலைத் திறந்த வெளியில் மெதனோல் போகும் வரை வைத்து, கூட்டெருக் குவியலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

அமிலம் கூடிய எண்ணெய்க்கு

வாசிப்பு 5 ஐத் தாண்டின கறுத்த எண்ணெய், கோயில் வீதிகளில் நிற்கும் இலுப்பையின் எண்ணெய், வேப்பெண்ணெய், புன்னை எண்ணெய் எல்லாம் இந்த வகை. இலுப்பை எண்ணெயில் சுயாதீன கொழுப்பமிலம் 20 வீதம் வரை போகும். இதில் காரத்தைப் போட்டால் முழுக்கச் சவர்க்காரம். இங்கே முதல் ஊக்கி சல்பூரிக்கமிலம். அது கழன்ற அமிலங்களையும் மெதனோலோடு சேர்த்து எசுத்தராக்கிவிடும். அப்படியானால் முழு வேலையையும் அமிலத்தாலேயே செய்யலாமே என்று கேட்கலாம். எசுத்தர் மாற்றத்துக்கு அமிலம் காரத்தைவிடச் சுமார் 4000 மடங்கு மெதுவானது. ஆகவே அமிலத்தால் அமிலத்தைக் குறைத்து, பிறகு காரத்தால் முடிக்க வேண்டும்.

சுயாதீன கொழுப்பமிலம் ஒவ்வொரு கிராமுக்கும் 2.25 கிராம் மெதனோல், 0.05 கிராம் சல்பூரிக்கமிலம் என்பது பலரும் பாவிக்கும் அளவு. 60 பாகையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கலக்கி, ஆறவிட்டால் மெதனோலும் பிறந்த தண்ணீரும் மேலே வரும். அதை அகற்றி, மீண்டும் மஞ்சள் சோதனை செய்து, 2 க்குக் கீழே வந்தால் கார வேலைக்குப் போகலாம். செறிந்த சல்பூரிக்கமிலம் கையில் பட்டால் எரித்துவிடும். இதைத் தனியாகப் பழகாதீர்கள். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்திலோ இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு செய்யுங்கள்.

முட்டைக்கோதும் சிப்பியும்

எனக்கு மிகவும் பிடித்த ஊக்கி இதுதான், ஆனால் முதல் தடவைக்கு உரியதல்ல. முட்டைக்கோது, மட்டிச் சிப்பி எல்லாம் கல்சியம் காபனேற்று. 900 பாகையளவில் சில மணித்தியாலம் சுட்டால் காபனீரொட்சைட்டு போய்க் கல்சியம் ஒட்சைட்டு, அதாவது சுட்ட சுண்ணாம்பு, மிஞ்சும். 100 கிராம் காபனேற்றுக்கு 56 கிராம். செங்கல் சூளை நடுப்பகுதியின் சூடு போதும். இது மெதனோலிலும் எண்ணெயிலும் கரையாத ஊக்கி. வேலை முடிய வடித்து எடுத்துத் திரும்பவும் சில தடவை பாவிக்கலாம்.

ஒரு லீற்றர் எண்ணெய்க்கு, எடையில் 4 வீதம் என்று பார்த்தால், 37 கிராம் சுண்ணாம்பு. அதற்கு ஒரு டசினுக்குச் சற்று மேற்பட்ட முட்டைகளின் கோது. முட்டை ரொட்டிக் கடையொன்றில் ஓர் இரவில் எறிகிற கோது எத்தனை லீற்றருக்குப் போதும் என்று யோசித்துப் பாருங்கள். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பை அப்படியே போட்டால் ஆகாது. அது ஏற்கெனவே தண்ணீர் குடித்த சுண்ணாம்பு. முருகைக்கல்லைத் தொடவே வேண்டாம். அது கடலின் வேலி, உடைப்பது சட்டப்படி குற்றம்.

கோதைக் கழுவி, உள்தோலை உரித்து, காயவைத்து இடித்துச் சுடுங்கள். சுட்டதும் ஒரு துண்டில் தண்ணீர் தெளித்தால் சீறிக்கொண்டு பொடிய வேண்டும். சீறாவிட்டால் சரியாக வேகவில்லை. ஆறியதும் காற்றுப் போகாத சாடியில் அடையுங்கள், திறந்து கிடந்தால் காற்றின் ஈரமும் காபனீரொட்சைட்டும் அதைக் கெடுத்துவிடும். மெதனோலும் கூடத் தேவை, ஒரு எண்ணெய் மூலக்கூறுக்கு 9 முதல் 12 மூலக்கூறு வரை. இரண்டு மூன்று மணித்தியாலம் விடாமல் கலக்க வேண்டும் என்பதால் கையால் குலுக்கி முடியாது. கொஞ்சம் கல்சியம் டீசலில் கரைந்தும் வரும், அது எஞ்சினின் எரிபொருள் வடியை (பில்டரை) அடைக்கும். ஆகவே கழுவல் இல்லாமல் தப்ப முடியாது. இரண்டாம், மூன்றாம் தடவையில் வேகம் குறைந்தால் சுண்ணாம்பைத் திரும்பச் சுடுங்கள்.

மெசினில் ஊற்றும்போது

பெற்றோல், மண்ணெண்ணெய் எஞ்சின்களுக்கு இது ஆகாது. டீசலுக்கு மட்டும். முதலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தி குறைவு என்பதால் தனியாக ஊற்றினால் இழுவை கொஞ்சம் குறையும். பழைய இறப்பர்க் குழாய்களையும் அது ஊத வைக்கும். வீட்டில் செய்ததை நியமம் பார்க்காமல் யாருக்கும் விற்காதீர்கள். ஆழ்கடல் வள்ளத்துக்குக் கொடுக்கவே கூடாது. கரையில் நின்றால் திருத்தலாம், நடுக்கடலில் எஞ்சின் நின்றால் ஆட்களின் உயிர்.

நான் முதலில் ஊற்றியது பழைய லேண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) ஒன்றுக்கு. உயிரிடீசல் தாங்கிக்குள் வருடக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கழற்றிக்கொண்டு வரும். முதல் தாங்கி முடிவதற்குள் எரிபொருள் வடி அடைத்து எஞ்சின் முக்கத் தொடங்கியது. புது வடி போட்டதும் சரி. ஆகவே வயலுக்கு இறங்குமுன் ஒரு புதிய வடியை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கானில் திகதியையும், மஞ்சள் சோதனையின் எண்ணையும், போட்ட ஊக்கியின் கிராமையும் எழுதி ஒட்டுங்கள்.